வயதைக் குறைக்குமா ஹார்மோன் மாத்திரை?

முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொல்லி விற்கப்படும் ஹார்மோன் மாத்திரை, ஊசி, ஸ்பிரே பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

எனக்கு 61 வயது. அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் மகன், டிஹெச்இஏ 50 மில்லிகிராம் என்று இரண்டு பாட்டில் கொடுத்தான். தினம் ஒன்று போட்டால் பத்து வயது குறையுமாம். அங்கே சீட்டில்லாமலே கடையில் கிடைக்கிறது என்கிறான். போடலாமா?
*வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

போட வேண்டாம். சீட்டில்லாமல் கிடைப்பதற்குக் காரணம் அந்த நாட்டில் 1994இல் வந்த சட்டம். டிஹெச்இஏ என்ற ஹார்மோனை அது உணவுத் துணைப்பொருள் கணக்கில் சேர்த்துவிட்டது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 'எந்த நோயையும் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ இந்தப் பொருள் உருவாக்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு பொடி எழுத்துக் கட்டம் இருக்கும். நம் ஊரில் 2016ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி, இப்படிப்பட்ட சத்து மாத்திரைகளில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கவே கூடாது.

சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் டிஹெச்இஏவைச் சுரக்கிறது. இருபதுகளில் உச்சத்தில் இருக்கும். எழுபதைத் தாண்டும்போது அதில் பத்து, இருபது சதவீதம்தான் மிஞ்சும். 'குறைந்ததை நிரப்பினால் இளமை திரும்பும்' என்ற விற்பனைப் பேச்சு இங்கேதான் பிறக்கிறது. அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அறுபது தாண்டிய ஆண்களுக்குத் தினம் 75, பெண்களுக்கு 50 மில்லிகிராம் என்று இரண்டு வருடம் கொடுத்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. தசை வலுவும் கூடவில்லை, மூச்சுத் திறனும் கூடவில்லை, இன்சுலின் வேலை செய்யும் விதமும் மாறவில்லை.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று விடவும் முடியாது. உள்ளே போன டிஹெச்இஏ, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனாகவும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும். எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பெண்களுக்கு முகப்பருவும் மீசை முடியும் வரலாம். நல்ல கொழுப்பு குறையலாம். உங்கள் வயதில் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது, இரவில் நாலு முறை எழுந்திருக்கிறீர்கள் என்றால் புராஸ்டேட் சுரப்பியை டாக்டரிடம் காட்டாமல் இதைத் தொடவே கூடாது. குழந்தைப்பேறு மருத்துவத்தில் சில பெண்களுக்கு இதே மருந்தைக் கொடுப்பதுண்டு. அது டாக்டர் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்.

அசதிதான் பிரச்சினை என்றால் ஹீமோகுளோபின், சர்க்கரை, டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை), வைட்டமின் பி12 நான்கையும் முதலில் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் காட்டினாலே போதும்.

வயது 38. ஹார்பரில் நைட் ஷிப்ட். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சோர்வு போகும், உடம்பும் ஏறும் என்கிறார்கள். இரண்டாவது குழந்தைக்கும் முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்.
*வாசகர், வியாசர்பாடி*

குழந்தை வேண்டும் என்றால் இந்த ஊசி கூடவே கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், 'நிறைய இருக்கிறது' என்று நினைத்து மூளை அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை சரியும். சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் போகும். ஊசியை விட்ட பிறகும் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். ஜிம்மில் ஊசி போடுகிறவர் இதைச் சொல்வதில்லை, அதுதான் வேதனை.

உண்மையிலேயே குறைவா என்று தெரிய, காலை 7 முதல் 10 மணிக்குள் வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு அப்படியே லேபுக்குப் போகாதீர்கள்; தூக்கம் கெட்டாலே அளவு இறங்கிவிடும். லீவு நாளில், இரவு நன்றாகத் தூங்கி எழுந்து போங்கள். தொப்பையும் சர்க்கரையும்கூட இதைக் குறைக்கும்.

நிஜமான குறைபாட்டுக்கு டாக்டரே ஊசி எழுதினாலும் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 54 சதவீதம் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம், ஊசியை நிறுத்துவார்கள்.

வளர்ச்சி ஹார்மோன் ஸ்பிரே என்று ஆன்லைனில் வருகிறதே?
*வாசகர், பெரம்பூர்*

காசு வீண். அது 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம்; விழுங்கினால் முட்டை, பருப்பு போலச் செரித்துவிடும். ஊசியாகப் போட்டால் உடலில் ஏறும். ஆனால் ஆரோக்கியமான முதியவர்களுக்கு அப்படிக் கொடுத்தபோது வீக்கம், மூட்டுவலி, மணிக்கட்டு மரத்துப்போவது, சர்க்கரை ஏறுவது என்று வந்தன.

50 வயது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம். ராத்திரியில் குப்பென்று அனல் அடித்து நைட்டி நனைந்துவிடுகிறது. ஹார்மோன் மாத்திரை போட்டால் கேன்சர் வருமா? தோலும் இளமையாகும் என்கிறார்களே?
*வாசகி, தண்டையார்பேட்டை*

தோலுக்காகப் போடாதீர்கள். அனலுக்காக என்றால் யோசிக்கலாம். அதற்கு இதைவிட நன்றாகக் கேட்கும் மருந்து இல்லை. கேன்சர் பயம் 2002இல் வெளியான அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் வகை என இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைப் பதினாயிரம் பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால், மார்பகப் புற்றுநோய் 8 பேருக்குக் கூடுதலாக வரும் என்பது கணக்கு. பக்கவாதமும் 8 கூடுதல்; இடுப்பு எலும்பு முறிவு 5 குறைவு. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், விலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் உங்களைப் போன்றவர்களுக்கு நன்மையே பெரும்பாலும் கூடுதல்.

கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை உள்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு வழிவிடும். கூடவே புரோஜெஸ்ட்ரோன் வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு அது தேவைப்படாது. மார்பகப் புற்றுநோய், காலில் ரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. விலக்கு நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

தைராய்டு மாத்திரை அளவை மாற்றவே இல்லை; திடீரென்று டிஎஸ்ஹெச் ரொம்பக் குறைவாக வந்திருக்கிறது. முடி கொட்டுவதற்கு பயோட்டின் மட்டும் சாப்பிடுகிறேன்.
*வாசகி, ராயபுரம்*

பயோட்டின்தான் காரணமாக இருக்கலாம். முடி மாத்திரைகளில் 10 மில்லிகிராம்வரை இருக்கும். பல லேப் கருவிகளின் ரசாயன வேலையில் அது குறுக்கிட்டு, டிஎஸ்ஹெச்சைக் குறைவாகவும் டி4 என்ற தைராய்டு ஹார்மோனை அதிகமாகவும் காட்டும். தைராய்டு மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். பயோட்டினை இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள், லேபிலும் சொல்லுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் சோதனையையும் இது ஏமாற்றும் என்பதால், நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்குப் போனால் பயோட்டின் சாப்பிடுவதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.