அம்மா கண்ணுக்குத் தெரியும் பிள்ளைகள்

அம்மாவுக்கு 78 வயது. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தேய்ந்து இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. இரண்டு மாதமாக, சாயங்காலமானால் பாவாடை சட்டை போட்ட பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார். அவர்கள் பேசுவதில்லையாம். “நிஜமில்லைன்னு தெரியுது, ஆனாலும் கண்ணுக்குத் தெரியுதே” என்கிறார். நெட்டில் மனச்சிதைவு, மூளைக்கட்டி என்று போட்டிருக்கிறது. அத்தை மந்திரிக்கச் சொல்கிறார். பயந்துபோய் அப்பாவின் தூக்க மாத்திரையில் பாதியை மூன்று நாள் கொடுத்தேன். காதில் இரைச்சல், கால் எரிச்சல், சாவி வைத்த இடம் மறப்பது இதெல்லாமும் உண்டு.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

அம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொல்வது சார்லஸ் போனே சிண்ட்ரோமோடு அப்படியே பொருந்துகிறது. சுவிட்சர்லாந்துக்காரரான போனே, கண்புரையால் பார்வை குன்றிய தன் தாத்தாவுக்கு ஆட்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிவதை 1760இல் எழுதிவைத்தார். தாத்தாவுக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. நாம் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. கண் அனுப்புவதை வைத்து மூளைதான் காட்சியைக் கட்டுகிறது. கண்ணிலிருந்து வரும் தகவல் குறைந்தால், காட்சியைக் கட்டும் மூளைப்பகுதி வேலையில்லாமல் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். இப்படி முகங்கள் தெரிகிறவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, நிஜ முகத்தைப் பார்க்கையில் இயங்கும் அதே பகுதிதான் இயங்கியது. அதனால் அம்மா கற்பனை செய்யவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. மனச்சிதைவு 78 வயதில் புதிதாக, சத்தமே இல்லாமல், “இது நிஜமில்லை” என்ற தெளிவோடு வருவதில்லை. மந்திரிக்கிற காசுக்கு கூடத்தில் நல்ல பல்பு போடுங்கள். மங்கிய வெளிச்சத்தில்தான் இது அதிகம் வரும். பிள்ளைகள் தெரியும்போது விளக்கைப் போட்டு, கண்ணை இடமும் வலமுமாகச் சில தடவை அசைக்கச் சொல்லுங்கள். பலருக்குக் கலைந்துவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தெளிவு இருக்கிறதா? அம்மா அந்தப் பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்து வைத்தால், அவர்கள் பேசுவதாகச் சொல்லிப் பதில் கொடுத்தால், கதை வேறு. ஓரிரு நாளில் திடீரென்று அப்படியாகி, பகலா இரவா என்றும் குழம்பினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோகூட இப்படிச் செய்யும். மெல்ல மெல்ல மாறி, நடை தளர்ந்து, கை கால் விறைத்தால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். அதற்கு மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

சாவியை நானும்தான் தேடுகிறேன். கால் எரிச்சலுக்குச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். காது இரைச்சல் அவசரமில்லை, இ.என்.டி. டாக்டரிடம் ஒருமுறை காட்டினால் போதும்.

எனக்குக் கோபம் வருவது நீங்கள் கொடுத்த அந்த மாத்திரையை நினைத்துத்தான். இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை, பார்வை மங்கிய 78 வயதுக்காரருக்குக் கொடுப்பதா? ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறியும். இல்லாத குழப்பத்தை அதுவே கொண்டுவரும். இன்றோடு நிறுத்துங்கள். இந்த வாரமே கண் மருத்துவரிடம் போய், தெரிகிற உருவங்களைப் பற்றி அம்மாவையே சொல்லவிடுங்கள். அந்த மாத்திரை அட்டையையும், தும்மலுக்கு இருமலுக்கு என்று வீட்டில் வாங்கிக் கொடுக்கிற மருந்துகளையும் கையோடு எடுத்துப் போங்கள். சளி மாத்திரைகளிலும் சில, இந்த வயதில் மூளையைக் குழப்பும்.