விருதுப் படப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக அறிமுகப்படுத்துவது எப்படி?

விருது பெற்ற படப் புத்தகங்களைப் பார்வையாக அடுக்கி வைத்தும் நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் தொடுவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வினாடி வினா வேண்டாம், அது பரீட்சையாகிவிடும். அமெரிக்க நூலகங்களில் நன்றாக எடுபடுவது 'மாதிரி கால்டகாட் தேர்தல்', அதாவது கால்டகாட் பதக்கத் தேர்வைப் பிள்ளைகளே நடத்திப் பார்ப்பது.

1938 முதல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு ஆண்டுதோறும் ஒரு படப் புத்தகத்தின் ஓவியருக்குக் கால்டகாட் பதக்கம் தருகிறது. அறிவிப்பு பெரும்பாலும் ஜனவரியில் வரும். அதற்கு முன்பே, முந்தைய ஆண்டில் வெளியான ஐந்தாறு புத்தகங்களைப் பரப்பி, பிள்ளைகளையே நடுவராக்குங்கள். உண்மையான நடுவர் குழுவைப் போலவே முதல் தேர்வுக்கு 4 புள்ளி, அடுத்ததற்கு 3, மூன்றாவதற்கு 2. ஒரே நிபந்தனை: 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லக் கூடாது. எந்தப் பக்கம், ஏன் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். கூச்சல் நிச்சயம்.

சரி, பழைய புத்தகங்களுக்கு? 1964இல் பதக்கம் வாங்கிய மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்தோடு ஓர் அளவுகோலையும் கையில் கொடுங்கள். முதல் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை. பக்கம் புரளப் புரளப் படம் வளர்ந்து, ஒரு சொல்கூட இல்லாமல் எதிரெதிர் இரு பக்கங்களையும் நிறைக்கும் விரிபக்கங்களாகிவிடும். அவர்களே அளந்து கண்டுபிடிக்கட்டும்; நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், 1963இல் வென்ற எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'த ஸ்னோயி டே': வெட்டி ஒட்டிய தாள்கள், ரப்பரில் செதுக்கிய அச்சுகள், டூத் பிரஷ்ஷால் தெளித்த மை. பிள்ளைகளும் இதேபோல் செய்து பார்க்கப் பழைய பிரஷ், கலர் தாள், பசை, மை போதும். தரையில் செய்தித்தாளை விரித்த பிறகே மைப் புட்டியைத் திறங்கள்.