குடுவையில் வளர்த்த திசுவில் இருந்து புற்றுநோய் மருந்து எடுக்க முடியுமா?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில் நித்தியகல்யாணி போடுகிறோம். வீட்டில் திசு வளர்ப்பு அறை போட்டால் குடுவையிலேயே புற்றுநோய் மருந்து எடுக்கலாம், ஆறு லட்சம் கட்டுங்கள், விளைவதை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இந்தச் செடியின் இலையில் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கே சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படும். கேத்தரான்தின், விண்டோலின் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்தால்தான் இந்த மருந்துகள் உருவாகும். இலைத் துண்டைக் குடுவையில் வைத்தால் வெளிறிய, பொலபொலவென்ற கட்டி ஒன்று வளரும். காலஸ் என்பார்கள். அதில் கேத்தரான்தின் ஓரளவு கிடைக்கும், விண்டோலின் தேறாது. விண்டோலினைத் தயாரிக்க இலையின் பலவகைச் செல்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். காலஸில் அந்த அமைப்பே இல்லை.

உடனே, யூ மரப் பட்டையில் கிடைக்கும் டாக்சால் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தைக் காட்டுவார்கள். அது செல் வளர்ப்பில் தயாராவது நிஜம். யூ மரம் மெதுவாக வளரும், பட்டையை உரித்தால் மரமே பட்டுப்போகும். அதனால்தான் அங்கே செல் வளர்ப்பின் செலவு கட்டுப்படியானது. யூ மரச் செல்கள் டாக்சாலை முழுதாகவே தயாரிக்கும், மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற தூண்டும் பொருளைச் சேர்த்தால் இன்னும் கூடுதலாக. ஆனால் அது நடப்பது ஜெர்மனியில், 75,000 லிட்டர் வரை கொள்ளும் தொட்டிகளில். கிருமி புகுந்தால் தொட்டி முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். உங்கள் வீட்டு அறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் ஒப்பந்தம். ‘நிர்ணயித்த ஆல்கலாய்டு அளவு இருந்தால் மட்டும் கொள்முதல்’ என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருக்கும். ஆல்கலாய்டு என்பது செடியில் உள்ள இந்த மருந்துச் சத்துதான். அளவு பார்ப்பது யார்? அவரேதான். முதல் சரக்கே ‘தரமில்லை’ என்று திரும்பி வரும். மத்திய அரசின் திசு வளர்ப்புச் சான்றிதழையும் நீட்டுவார். அது கன்றில் வைரஸ் இல்லை, தாய்ச்செடியின் குணம் மாறவில்லை என்பதற்கானது. மருந்துச் சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டிய அதிகாரிகள், மானியப் படிவம் நிரப்புவதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஒரு விவசாயி தன் இலையில் சத்து எவ்வளவு என்று பக்கத்திலேயே பார்க்க வழி செய்ய இத்தனை வருடமா?

அவரிடம் இரண்டு கேளுங்கள்: நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரிக்கு வெளி ஆய்வகத்தின் ஹெச்.பி.எல்.சி. (எந்தச் சத்து எவ்வளவு என்று பிரித்து அளக்கும் சோதனை) அறிக்கை, வாங்கப்போகும் மருந்து கம்பெனியின் கொள்முதல் ஆணை. இரண்டும் வராது.

இருக்கிற பயிரையே பாருங்கள். வேரில் அஜ்மலிசின் என்ற வேறொரு மருந்துச் சத்து உண்டு, அதற்குத் தனிச் சந்தை இருக்கிறது. வேரையும் இலையையும் கலக்காமல் நிழலில் காயவைத்து, தண்டு, மண் நீக்கித் தனித்தனியாக விலை பேசுங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதோடு மாவட்டக் குற்றப்பிரிவில் இந்த வாரமே புகார் கொடுங்கள்.