போனை ஆஃப் பண்ண முடியாதே!

கேள்வி: அப்பா பத்து நாளாகப் பெரியாஸ்பத்திரி வார்டில் இருக்கிறார். பகலில் நான், இரவில் தம்பி துணைக்கு. வீட்டுக்கு வந்தால் ராத்திரி இரண்டு மணி வரை அவருடைய நோய் பற்றிய வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம்பி கூப்பிடுவானோ என்று போனை ஆஃப் பண்ணவும் பயம். என்ன செய்யலாம்?
– வாசகி, காமராஜர் சாலை, மதுரை

பதில்: ஆஃப் பண்ணவே வேண்டாம். இரவு ஒன்பதரைக்கு மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் மட்டும் அணையுங்கள். சாதாரண அழைப்பு வரும். வாட்ஸ்அப் கால் வராது. இதைத் தம்பியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டால் எதுவுமே வராது, ஜாக்கிரதை.

லோன் வேண்டுமா என்று கேட்பவர்களைத் தடுக்க, போன் செட்டிங்ஸிலேயே இருக்கும் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போடலாம். தம்பியின் எண்ணுக்கு ஸ்டார் போட்டு, ஸ்டார் எண்களுக்கு அனுமதி கொடுங்கள். அவசரத்தில் பக்கத்துக் கட்டில்காரரின் போனிலிருந்தும் அவர் கூப்பிடலாம். அதற்காக ‘ரிப்பீட் காலர்ஸ்’ வசதியையும் திறந்து வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை வந்தால் மணி அடிக்கும். போன் சைலன்ட்டில் கிடந்தால் இதெல்லாம் வீண். ஒருமுறை தம்பியைக் கூப்பிடச் சொல்லிச் சோதித்துவிட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி, கூடத்தில் சார்ஜ் போடுங்கள். தலைமாட்டில் வேண்டாம். காலையில் எழ ஒரு டேபிள் கடிகாரம் போதும்.

வீடியோ பார்க்கத் தூண்டுவது பதில் தெரியாத கேள்விதான். அதை ஒரு நோட்டில் எழுதி, காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடமே கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். அவருக்கும் நேரம் இருக்காது. அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்க்காதவர் பேசும் வீடியோ, உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது.

சொந்தக்காரர்கள் குரூப்பை ‘எப்போதும்’ என்று மியூட் செய்யுங்கள். மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்: சாப்பிட்டார், தூங்கினார், நாளை ஸ்கேன். நலம் விசாரிப்பவர்களுக்கு அது போதும்.

முதல் இரண்டு மூன்று நாள் கை தானாகப் போனைத் தேடும். அந்த நேரத்தில் டிவி நியூஸைப் போட்டால் பழைய கதைதான். உங்களுக்குத் தெப்பக்குளம் பக்கம்; ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். போனைப் பார்க்காமல் நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரமாகியும் தூக்கம் பிடிக்காவிட்டால் 14416-ஐ அழையுங்கள்: அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கேள்வி: கொஞ்ச நாளைக்கு ஆப்பையே அழித்துவிட்டால் படங்கள் போய்விடுமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இன்ஸ்டாகிராம், பேஸ்புக் என்றால் போகாது, கணக்கு அப்படியே இருக்கும். பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வேறு. பேக்கப் எடுக்காமல் அழித்தால் பழைய உரையாடல்கள் திரும்பாது.