காரும் இல்லை, காசும் இல்லை: அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு ஒரு சனி ஞாயிறு

கேள்வி இதுதான்: "அயர்லாந்தில் முதுகலை படிக்கிறேன். கார் கிடையாது, கையில் காசும் குறைவு. ஒரு வார இறுதியில் மேற்குக் கடற்கரைக் கிராமங்களைச் சுற்றிப் பார்க்க முடியுமா? எங்கே போகலாம்?"

முடியும். ஆனால் "சுற்றிப் பார்க்க" என்பதை முதலில் அடித்துவிடுங்கள். வைல்ட் அட்லான்டிக் வே என்று 2014-இல் பெயர் சூட்டிய அந்தக் கடலோரப் பாதை வடக்கே டொனிகாலில் தொடங்கித் தெற்கே கார்க் மாவட்டத்துக் கின்சேல் வரை 2,500 கி.மீ. ஓடுகிறது. எங்கள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து இரண்டு நாளில் அதில் பாதியைப் பார்க்கிறோம் என்று கிளம்பினார்கள். பார்த்தது பெட்ரோல் பங்க், காரின் கண்ணாடி, அப்புறம் மழை. நான் ஒரே ஒரு தீபகற்பத்துக்குப் போய் ஒரே ஒரு சாலையை சைக்கிளில் சுற்றினேன், இன்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அது டிங்கிள், கெர்ரி மாவட்டம்.

நான் இருந்தது லிமெரிக்கில். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் பேருந்து ஏறினால் ட்ரலீக்கு இரண்டு மணி நேரம், அங்கே மாறினால் டிங்கிளுக்கு இன்னும் ஒரு மணிக்குச் சற்று மேல். டப்ளினில் இருப்பவர்கள் ஹியூஸ்டன் நிலையத்தில் ரயிலேறி ட்ரலீ வரை வந்துவிடலாம், நாலு மணி நேரம் ஆகும். மாணவர்களுக்கான பயணச் சலுகை அட்டையான ஸ்டூடன்ட் லீப் கார்டு இல்லை என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள், கட்டணத்தில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து நேரத்தை வெள்ளிக்கிழமையே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப்புறத்தில் ஞாயிறு அட்டவணை வேறு, பேருந்துகள் குறைவு. திரும்பி வரும் பேருந்தை முடிவு செய்துவிட்டு மீதியைத் திட்டமிடுவதுதான் கார் இல்லாதவனுக்கு வழி.

ட்ரலீ தாண்டியதும் பெயர்ப்பலகைகளைக் கவனியுங்கள். ஓர் இடத்துக்கு அப்பால் ஆங்கிலம் காணாமல் போய்விடும். ஐரிஷ் மொழி பேசும் பகுதிகளைக் கேல்டாக்ட் என்கிறார்கள், அங்கே சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் ஐரிஷில் மட்டும்தான் இருக்கும். என் கைபேசி வரைபடம் ஸ்லே ஹெட் என்கிறது, பலகையோ கியான் ஷ்லேவா என்கிறது. இரண்டும் ஒரே இடம் என்று புரியவே எனக்கு அரை நாள் ஆனது. டிங்கிள் என்ற பெயருக்கே ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கிறது. 2005-இல் அரசாங்கம் ஊரின் அதிகாரப்பூர்வப் பெயரை அன் டாங்கன் என்ற ஐரிஷ் வடிவத்துக்கு மாற்றியது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டு வாக்கெடுப்பு நடத்தி இரண்டு மொழியிலும் பெயர் வேண்டும் என்றார்கள், சிலர் பலகைகளில் பெயின்ட்டால் டிங்கிள் என்று எழுதியும் வைத்தார்கள். நம் ஊரில் தார் பூசி அழிப்பார்கள், இங்கே பெயின்ட் அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். மொழிச் சண்டை நமக்குப் புதுசா என்ன, ஆனால் இப்படி ஒரு திருப்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

தங்க ஹாஸ்டல் இருக்கிறது. டார்மில் ஒரு கட்டில், கீழே பொதுச் சமையலறை, போதும். வங்கி விடுமுறை என்று இங்கே சொல்லும் பொது விடுமுறைத் திங்களை ஒட்டி வரும் வார இறுதியை மட்டும் தவிருங்கள், கட்டில் கிடைப்பதே கஷ்டம்.

சனிக்கிழமைதான் முக்கியமான நாள். டிங்கிளிலிருந்து கிளம்பி மேற்கு முனையைச் சுற்றி மறுபடி டிங்கிளுக்கே வரும் ஸ்லே ஹெட் சாலை சுமார் 47 கி.மீ. கடிகார முள் சுற்றும் திசையில் போங்கள். கார்களும் அப்படித்தான் போகின்றன, கடலும் உங்கள் பக்கமாகவே இருக்கும். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இந்த ஊரில் பப்பும் ஹார்ட்வேர் கடையும் ஒரே அறையில் இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஆணி, சுத்தியல், பெயின்ட் டப்பா, எதிர்ப் பக்கம் கின்னஸ் பீர் குழாய். காலை வேளையில் ஒரு தாத்தா எந்தப் பக்கத்து வாடிக்கையாளர் என்று சொல்ல முடியாதபடி நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் சைக்கிள் எடுத்தது வேறு இடத்தில், அதன் வினையைப் பிறகு சொல்கிறேன்.

நான் போனது மே மாதக் கடைசி. சாலையின் இரு பக்கமும் மஞ்சளாக முள்புதர் பூத்துக் கிடந்தது, கோர்ஸ் என்கிறார்கள். வென்ட்ரி கிராமம் தாண்டி ஓர் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது குப்பென்று தேங்காய் எண்ணெய் வாசனை. என் தலையில்தான் ஏதோ என்று நினைத்தேன், ஆனால் நான் எண்ணெய் வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பூவைப் பறித்து முகர்ந்தால் அதேதான், சூடாகிற தேங்காய். வெயில் பட்டால் கோர்ஸ் பூவுக்கு அந்த மணம் வருமாம். ஊரிலிருந்து ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு முள்செடிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று முகர்ந்துகொண்டே இருந்தேன், கடந்து போன கார்க்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். இங்கே கிராமச் சாலைகளில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அந்த ஒற்றை விரல் உண்டு. பதிலுக்கு நீங்களும் தூக்க வேண்டும், சைக்கிளில் ஏற்றத்தில் அது சுலபமில்லை.

அதற்கு மேல் சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கோடு மாதிரிதான். கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய, தேன்கூடு போன்ற பழைய குடில்கள் சரிவில் தெரியும். ஒரு வளைவில் மலையோடை சாலையின் மேலேயே ஓடுகிறது, பாலம் கட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் வேகமாகக் கடக்கலாம் என்று நினைத்துக் கணுக்கால் வரை நனைந்தேன், மெதுவாகப் போங்கள். ஸ்லே ஹெட் முனையில் வெள்ளை நிறத்தில் சிலுவைச் சிலை. அங்கிருந்து பார்த்தால் எதிரே தீவுகள், அவற்றில் ஒன்று மல்லாந்து படுத்திருக்கும் மனிதனைப் போலவே இருக்கும், வயிறு தொப்பையோடு. ஊர்க்காரர்கள் அதைச் செத்த மனிதன் என்கிறார்கள். கீழே கூமினூல் கடற்கரை. அழகான மணல், ஆனால் நீரோட்டம் மோசம், இறங்கிக் குளிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள். ஈரப் பாறையில் நின்று படம் எடுக்கவும் வேண்டாம். யாராவது தண்ணீரில் தத்தளிப்பதைப் பார்த்தால் 112 அடித்துக் கடலோரக் காவல் படை வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

டூன் கீன் படகுத்துறையில் எனக்கு ஏமாற்றம் காத்திருந்தது. அங்கிருந்து பெரிய பிளாஸ்கெட் தீவுக்குப் படகு போகும், அன்றைக்கு அலை அதிகம் என்று ரத்து. வெயில் அடிக்கிறது, காற்றுகூட அவ்வளவு இல்லை, இதுக்கா ரத்து என்று எரிச்சலாக இருந்தது. பக்கத்திலேயே இருக்கும், அந்தத் தீவின் கதையைச் சொல்லும் பிளாஸ்கெட் மையத்துக்குள் போனபிறகு அந்த எரிச்சல் அப்படியே அடங்கிவிட்டது.

அந்தத் தீவு கரையிலிருந்து இரண்டு கி.மீ. சொச்சம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 170 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். மருத்துவர் கிடையாது, பாதிரியார் கிடையாது, கடைகூடக் கிடையாது. கரைக்கு வர நேவோக் என்ற படகு, மரச்சட்டத்தின் மேல் கித்தான் போர்த்தித் தார் பூசியது, மூன்று நாலு ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போய்விடலாம், அவ்வளவு லேசு. 1946 டிசம்பரில் அங்கே ஓர் இளைஞனுக்கு மூளைக்காய்ச்சல். கடல் கொந்தளிப்பு, படகு இறக்க முடியவில்லை, யாராலும் வர முடியவில்லை, இறந்துவிட்டான். சில மாதத்தில் தீவிலிருந்து அயர்லாந்துப் பிரதமர் டி வலேராவுக்கே ஒரு தந்தி போனது: புயலில் மாட்டிக்கொண்டோம், சாப்பாடு இல்லை, அனுப்புங்கள். 1953 நவம்பரில் மிச்சம் இருந்த இருபத்துச் சொச்சம் பேரையும் கரைக்குக் கொண்டுவந்து தீவைக் காலி செய்தார்கள். அதற்கு முன்பே நிறையப் பேர் அமெரிக்கா போயிருந்தார்கள், மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊருக்கு, ஒருவர் பின்னால் ஒருவராக, நாமெல்லாம் "அங்க நம்ம பையன் இருக்கான்" என்று ஒரே ஊருக்குப் போய்ச் சேருகிற மாதிரி.

மையத்தின் நடுவே நீளமான ஒரு நடைபாதை, அதன் கோடியில் பெரிய கண்ணாடிச் சன்னல், சன்னலுக்கு வெளியே அந்தத் தீவு. கூரை இல்லாத வீட்டுச் சுவர்கள்கூடத் தெரிகின்றன. படகு ரத்தான நாளில் அங்கே நின்று பார்த்ததுதான் சரி என்று எனக்குப் பட்டது. வெயில் அடிக்கும்போதே போக முடியாத இரண்டு கிலோமீட்டர்.

சரி, சைக்கிள் வினை. டூன் கீன் தாண்டி ஓர் ஏற்றத்தில் செயின் கழன்று சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே போய் இறுகிவிட்டது. கையெல்லாம் கிரீஸ், அந்த நேரம் பார்த்து மழை. முதுகில் நீலப் பெயின்ட் அடித்த ஆடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. கால் மணி நேரம் கழித்து டிராக்டரில் ஒரு பெரியவர் வந்தார். எனக்கு ஒரே ஒரு ஐரிஷ் வணக்கம் தெரியும், "ஜீயா க்விட்" என்றேன். கடவுள் உன்னோடு என்று அர்த்தம். பதிலுக்கு அவர் கடவுளும் மரியாளும் உன்னோடு என்றார், அதுதான் முறையாம், வாங்கியதைவிட ஒன்று கூட்டித் திருப்பித் தர வேண்டும். ஸ்பேனரை வைத்து ஒரே நெம்பு, செயின் வந்துவிட்டது.

மழை விடும்வரை பேசிக்கொண்டிருந்தோம். ஐரிஷில் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தனிச் சொல்லே கிடையாது, கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். இங்கே எல்லாருக்கும் அது அதிசயமாக இருக்குமாம். எனக்கு இல்லை. எங்களிடம் அந்தச் சொற்கள் இருக்கின்றன, ஆனால் "சாப்டியா?" என்றால் "சாப்டேன்" என்றுதான் சொல்வோம், "வருவியா?" என்றால் "வருவேன்" என்போம் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, அப்படியானால் நீங்கள் நாகரிகமான ஆட்கள்தான் என்றார். அப்புறம் களைப்பா என்று ஐரிஷில் கேட்டார். "நீல்" என்றேன், கேட்ட வினையின் எதிர்மறை அது. சுத்தப் பொய். அதற்கப்புறம் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

வழியில் கல்லரஸ் என்ற பழைய கிறிஸ்தவ ஜெபக் கூடத்தை விட்டுவிடாதீர்கள். கவிழ்த்த படகு மாதிரி ஒரு கல் கட்டடம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து கிடையாது. கற்களை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து அடுக்கியிருப்பதால் மழைத் தண்ணீர் வெளியே வழிந்துவிடுகிறது. எப்போது கட்டியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சில நூற்றாண்டு வித்தியாசம். நான் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தேன், தரையில் இருந்த ஒரே ஈரம் என்னுடையது.

உடையைப் பற்றி ஒரு வரி: ஜீன்ஸ் போடாதீர்கள், குடை எடுக்காதீர்கள், காற்று அதை உங்கள் கையில் விட்டுவைக்காது. மழைக்கோட்டும் இன்னொரு ஜோடி சாக்ஸும் போதும். சாப்பாட்டுக்கு மதியம் சூப்பர்மார்க்கெட்டின் டெலி என்ற உணவுக் கவுன்டரில் சிக்கன் ஃபில்லெ ரோல், மாணவர்களின் தேசிய உணவு. இரவு மட்டும் மனம் வைத்து உட்கார்ந்து மீன் சூப்பும் பழுப்பு ரொட்டியும் சாப்பிடுங்கள். பப்பில் குடிக்காவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். டீ கேட்டேன், பெரிய குவளையில் தந்தார்கள். மூலை மேசையில் வயலினும் அக்கார்டியனும் வாசிப்பவர்கள் மேடைக்கச்சேரிக்காரர்கள் இல்லை, தங்களுக்காக வாசிக்கிறவர்கள், ஒரு பாட்டுக்கு நடுவே இருக்கையை இழுத்துச் சத்தம் போடாமல் இருந்தால் போதும். வெளியே வரும்போது இரவு ஒன்பதரை, இன்னும் வெளிச்சம் இருந்தது.

ஞாயிறு காலை துறைமுக வாயில் வரை கடலோரமாக நடந்தேன். 1983 முதல் ஃபங்கி என்ற ஒற்றை டால்பின் அந்த வாயிலிலேயே குடியிருந்து, படகுகளோடு விளையாடி, ஊருக்கே சோறு போட்டது. 2020 அக்டோபரில் காணாமல் போனது, அப்புறம் வரவில்லை. துறைமுகத்தில் அதற்கு வெண்கலச் சிலை இருக்கிறது, குழந்தைகள் ஏறி ஏறி மூக்குப் பகுதி பளபளவென்று தேய்ந்திருந்தது.

எப்போது போகலாம் என்றால் மே அல்லது செப்டம்பர். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், பிளாஸ்கெட் மையமும் மூடியிருக்கும். அப்புறம், திங்கள் காலை ஒன்பது மணி வகுப்பு மூன்றாவது மாடியில் என்றால் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.