பைதான் மெதுவானதுதான், அதற்காகப் பயிற்சி மையத்தை மாற்ற வேண்டாம்

ஐயா, உங்கள் மகள் பொறியியல் முதலாண்டில் பைதான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கி ஒரு பருவம்கூட முடியவில்லை. அதற்குள் ‘பைதான் ஆமை வேகம், சி++ தெரிந்தால்தான் வேலை’ என்று உறவினர் சொன்னதைக் கேட்டுப் பயிற்சி மையத்தை மாற்றலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

உறவினர் சொன்ன வேக வித்தியாசம் பொய்யில்லை. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. பிளஸ் டூவில் படித்தோமே, அந்த அணிகள் (மேட்ரிக்ஸ்) தான். 4,096 × 4,096 அளவில் இரண்டை எடுத்துப் பெருக்கினார்கள். பைதானில் சுமார் 7 மணி நேரம், ஜாவா என்ற மொழியில் 40 நிமிடம், சி++க்கு அடிப்படையான சி மொழியில் 9 நிமிடம். பலர் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே கணினியில், அந்தச் சி நிரலின் வேலையைச் செயலிகளில் உள்ள 18 கோர்களுக்கும் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) பிரித்துக் கொடுத்து, செயலிக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான கேஷ் நினைவகத்துக்கு ஏற்பத் துண்டுபோட்டு, செயலியின் சிறப்புக் கட்டளைகளையும் பயன்படுத்தியபோது அரை விநாடிகூட ஆகவில்லை. பைதானை விட்டுச் சிக்கு வந்ததில் கிடைத்தது 47 மடங்கு. கணினியின் போக்கறிந்து எழுதியதில் அதற்கு மேலும் ஆயிரம் மடங்குக்கு அதிகம். முதலாவதற்கு மொழி போதும். இரண்டாவதற்குப் படிப்பு வேண்டும்.

தவிர, வேலையில் இருப்பவர்கள் இந்தப் பெருக்கலைப் பைதானில் வரிவரியாக எழுதுவதில்லை. நம்பை (NumPy) என்ற, கணக்குகளுக்கான ஆயத்த நிரல் தொகுப்பை அழைப்பார்கள்; பெருக்கும் வேலை அங்கே ஏற்கெனவே கணினிக் கட்டளைகளாக மாற்றிவைத்த வேகமான நிரலில் நடந்துவிடும்.

விளையாட்டு எஞ்சின், கார்களின் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றில் அவளுக்கு ஆசை இருந்தால் சி++ கற்கத்தான் வேண்டும். வலைத்தளப் பணி என்றால் பெரும்பாலும் தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும்; அங்கே மொழியின் வேகம் அவ்வளவு பெரிதில்லை.

விடுமுறையில் அவளையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கோடி வரையுள்ள பகா எண்களை எண்ணும் நிரலைப் பைதானிலும் சியிலும் எழுதட்டும். மடிக்கணினி சார்ஜரில் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது பல கணினிகள் செயலியின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சி நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி (GCC) என்ற தொகுப்பானில், நிரலை வேகமாக்கும் ‘ஓ2’ (-O2) தெரிவைப் போட்டும் போடாமலும் தொகுத்து, இரண்டு நேரத்தையும் தனித்தனியே குறிக்கட்டும். ஒருமுறை ஓட்டிய கணக்கு செல்லாது, நாலைந்து முறை ஓட்ட வேண்டும். பிறகு கல்லூரி ஆய்வகக் கணினியிலும் அதையே செய்யட்டும். இரு மொழிகளின் நேர விகிதம்கூட மாறலாம், ஏன் என்று அவளே யோசித்து இரண்டு வரி எழுதட்டும்.

அந்தக் குறிப்பேட்டோடு என்னிடம் அனுப்புங்கள். சி++ எப்போது தொடங்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.