லிட்டர் கணக்கு: நிவாரணக் களத்தில் எரிபொருள் – வாசகர் கேள்வி பதில்

வெள்ளம், போர், பஞ்சம் என எந்த நிவாரணக் களமானாலும் தண்ணீர்ப் பம்பும் மருத்துவமனை ஜெனரேட்டரும் லாரியும் ஒரே டேங்கை நம்பித்தான் ஓடுகின்றன. அந்த டேங்கைக் காப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த மாதம்.

கேள்வி: எங்கள் கிடங்கில் 5000 லிட்டர் உருளை டேங்க் படுக்கை வாட்டில் இருக்கிறது. விட்டம் 120 செ.மீ. டேங்கர் வந்து நிரப்பியதும் டிப் எடுத்தால் (அளவுக் குச்சியை விட்டு டீசலின் உயரம் பார்த்தால்) பதிவேட்டைவிட 250 லிட்டர் குறைகிறது. இரண்டு வாரம் கழித்து, டேங்க் காலியாகும் நேரத்தில், 250 லிட்டர் அதிகமாக இருக்கிறது. கிடங்குப் பொறுப்பாளர் மேல் சந்தேகம் எழுந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் அவர் மேல் வைத்திருக்கும் சந்தேகத்தை எடுத்துவிடுங்கள். நிறைந்திருக்கும்போது குறைவு, காலியாகும்போது மிகுதி என்று மாறி மாறி வருவது திருட்டின் அடையாளம் இல்லை. டிப்பை லிட்டராக மாற்றும் கணக்கு தவறாக இருப்பதன் அடையாளம். திருடிய டீசல் இரண்டு வாரத்தில் தானாகத் திரும்பி வராது.

120 செ.மீ.க்கு 5000 லிட்டர், ஆகவே 30 செ.மீ.க்கு 1250 லிட்டர் என்று நேர்விகிதத்தில் போட்டிருப்பீர்கள். நிற்கும் டேங்குக்கு அது சரி. படுத்திருக்கும் உருளைக்குச் சரிவராது. அது அடியிலும் மேலேயும் குறுகி, நடுவில் அகன்றிருக்கிறது. உயரத்தில் கால் பங்கு நிறைந்தால் கொள்ளளவில் 19.6 சதவீதம்தான் இருக்கும். அதாவது 30 செ.மீ. டிப்புக்கு உண்மையான அளவு சுமார் 980 லிட்டர். உங்கள் கணக்கு 270 லிட்டர் கூட்டிக் காட்டுகிறது. 90 செ.மீ. டிப்பில் உண்மையில் 4020 லிட்டர் இருக்கும். நேர்விகிதம் 3750 என்று சொல்லும். நடுவில், 60 செ.மீ.யில் மட்டும் இரண்டும் 2500 என்று ஒத்துப்போகும். அடியில் 12 செ.மீ. இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம்: கையில் 500 லிட்டர் இருப்பதாக நினைத்திருப்பீர்கள், இருப்பதோ 260.

டேங்க் செய்தவரிடம் அளவு அட்டவணை இருந்தால் வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். இல்லையென்றால் நீங்களே தயாரிக்கலாம். காலி டேங்கில், சரிபார்த்த மீட்டர் வழியாக 200 லிட்டர் விட்டு, சலனம் அடங்கியபின் டிப் எடுத்து எழுதுங்கள், மறுபடி 200. 25 முறையில் முடிந்துவிடும். மீட்டரை 20 லிட்டர் அளவுக் கலனில் முன்கூட்டியே சோதியுங்கள். 100 மில்லிக்கு மேல் பிசகினால் அந்த மீட்டரை வைத்து அட்டவணை போடவே கூடாது.

இன்னும் இரண்டு காரணங்களையும் பாருங்கள். ஒன்று, டேங்க் சாய்ந்திருப்பது. இந்த அளவு டேங்க் சுமார் 4.4 மீட்டர் நீளம் இருக்கும். ஒரு முனை 8 செ.மீ. தாழ்ந்து, டிப் துளையும் அந்த முனையிலேயே இருந்தால் 4 செ.மீ. கூடுதலாகக் காட்டும். நடுமட்டத்தில் 1 செ.மீ. என்பது 53 லிட்டர். எனவே 200 லிட்டருக்கு மேல் பிசகும். மழைக்குப் பின் தாங்குதூண் இறங்கியிருக்கிறதா என்று மட்டக்குழாய் வைத்துப் பாருங்கள்.

இரண்டு, வெப்பம். 1000 லிட்டர் டீசல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.83 லிட்டர் விரியும், சுருங்கும். 40 டிகிரியில் ஏற்றிய 10,000 லிட்டர், தரைக்கடியில் உள்ள டேங்கில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் 125 லிட்டர் குறைந்து காட்டும். யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் டிப் எப்போதும் ஒரே நேரத்தில், விடியற்காலையில், வழங்கல் தொடங்குமுன் எடுக்க வேண்டும். டிப் எடுத்தவரும் பார்த்தவரும் என இருவர் கையெழுத்து.

இத்தனையும் சரிசெய்த பிறகு ‘தொடக்க இருப்பு + வரவு − வழங்கல்’ என்ற கணக்கையும் டிப்பையும் ஒப்பிடுங்கள். மாதம் கைமாறிய அளவில் அரை சதவீதம் வரை பிசகினால் அளவீட்டின் குறை என்று ஏற்கலாம். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் விசாரிக்க வேண்டும். பிசகு சிறிதாக இருந்தாலும் மாதாமாதம் ஒரே பக்கமாகவே, குறைவாகவே வந்துகொண்டிருந்தால் அதையும் விசாரியுங்கள். அளவீட்டுப் பிழை இரண்டு பக்கமும் ஊசலாடும். திருட்டு ஒரு பக்கம்தான் போகும்.

கேள்வி: டேங்கர் லாரி வந்ததும் அவசரத்தில் இறக்கிவிடுகிறோம். போன மாதம் தண்ணீர் கலந்து வந்துவிட்டது. வரிசையாக என்னென்ன பார்க்க வேண்டும்?

இறக்கிய பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. எனவே சோதனை எல்லாம் குழாயை மாட்டுமுன்.

லாரியைச் சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நிற்கட்டும். தண்ணீர் இருந்தால் அடியில் இறங்க அந்த நேரம் வேண்டும். அதற்குள் ஒவ்வொரு மூடியிலும் வால்விலும் உள்ள சீல் எண்ணை விநியோகச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சீல் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது, எண் பொருந்த வேண்டும். லாரியின் ஆரஞ்சுப் பலகையில் டீசலுக்கு 1202, பெட்ரோலுக்கு 1203 என்ற ஐநா எண் இருக்கும்.

பின் லாரி டேங்கின் ஒவ்வோர் அறையிலும் டிப். டிப் குச்சியின் நுனியில் தண்ணீர் காட்டும் பேஸ்டைத் தடவி அடிவரை இறக்குங்கள்; தண்ணீர் பட்ட உயரத்துக்கு நிறம் மாறும். அடி வால்விலிருந்து ஒரு லிட்டர் மாதிரியை நிறமற்ற கண்ணாடி ஜாடியில் பிடித்து, சுழற்றிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக, பளிச்சென்று இருக்க வேண்டும். மங்கலாக இருந்தால் தண்ணீர் நுண்துளிகளாக மிதக்கிறது.

அதே மாதிரியில் ஹைட்ரோமீட்டரும் வெப்பமானியும் விடுங்கள். டீசலின் அடர்த்தி 15 டிகிரியில் பெரும்பாலும் 0.820 முதல் 0.860 வரை இருக்கும். வெப்பம் 15ஐத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டிக்கொள்ளுங்கள். 35 டிகிரியில் 0.818 காட்டினால் திருத்திய அளவு 0.832, சரியான சரக்கு. 0.80க்குப் பக்கத்தில் வந்தால் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். பெட்ரோல் வாசனை லேசாக வந்தாலும் இறக்கவே வேண்டாம். டீசல் சாதாரண வெயிலில் தீப்பற்றும் ஆவியை விடாது. கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதைக் கையாளும் ஆட்களோ டீசல்தானே என்று நம்பி நிற்பார்கள்.

நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கிளிப்பை மாட்டிய பிறகே குழாய். உங்கள் டேங்கில் காலி இடம் போதுமா என்று அதற்கு முன்பே கணக்குப் பார்த்திருக்க வேண்டும். இறக்கி முடித்ததும் ஒருவர் மேலே ஏறி அறைக்குள் பார்க்க வேண்டும், குழாயில் தங்கியதையும் வடிக்க வேண்டும். அறையின் மூலையில் 20, 30 லிட்டர் தேங்கித் திரும்பிப் போவது மிகப் பழைய தந்திரம். மாதிரி ஜாடியை மூடி, தேதி எழுதி, அந்தச் சரக்கு தீரும்வரை வைத்திருங்கள்.

கேள்வி: ஓட்டுநர்கள் பிளாஸ்டிக் கேனைப் பிக்கப் வண்டியின் மேலேயே வைத்துப் பெட்ரோல் பிடிக்கிறார்கள். அது தவறா?

தவறுதான், உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் இருக்கும் கேனிலிருந்து இறங்க வழியில்லை. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி விடுவது; அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், காலடியிலேயே தேங்கும். ஒரு பொறி போதும். கேனைத் தரையில் வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடி மெதுவாகப் பிடியுங்கள். விரிவதற்கு ஐந்து சதவீதமாவது இடம் விடுங்கள்.

கேள்வி: மருத்துவ முகாமில் 60 கே.வி.ஏ. ஜெனரேட்டர். இரவில் விளக்கும் இரண்டு குளிர்பெட்டியும் மட்டும் ஓடுகின்றன, சுமார் 6 கிலோவாட். டீசல் அநியாயமாகக் குடிக்கிறது. புகைப்போக்கியில் கறுப்பு எண்ணெய் வடிகிறது. பழுதா?

பழுது இல்லை, அளவு பொருந்தவில்லை. 60 கே.வி.ஏ. என்றால் 48 கிலோவாட். அதில் எட்டில் ஒரு பங்கு சுமையில் ஓட்டுகிறீர்கள். சுமை 30 சதவீதத்துக்குக் கீழே போனால் எஞ்சின் போதிய சூடு ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் கரியோடு சேர்ந்து புகைப்போக்கி வழியே வடியும். இப்படியே விட்டால் ரிங்கும் வால்வும் கெடும்.

இந்தச் சுமையில் அது மணிக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர் குடிக்கும். அதே 6 கிலோவாட்டை 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இரண்டு லிட்டர் அளவில் தரும். 12 மணி நேர இரவுக்குச் சுமார் 18 லிட்டர் மிச்சம். சின்ன ஜெனரேட்டரை இரவுக்கு வாங்குங்கள், பெரியதைப் பகலில் 70 சதவீதச் சுமையில் ஓட்டுங்கள்.

கண்காணிக்க மூன்று எண்கள் வேண்டும்: ஓடிய மணி, தந்த யூனிட், ஊற்றிய லிட்டர். மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை மட்டும் பார்த்தால் சுமை மாறியதா, டீசல் போனதா என்று தெரியாது. யூனிட்டுக்கு 0.3 லிட்டரையொட்டி இருந்தால் நல்ல ஓட்டம்; 0.5ஐத் தாண்டினால் ஒன்று சுமை போதவில்லை, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது. யூனிட் மீட்டர் இல்லாத ஜெனரேட்டருக்கு முதல் செலவே அதுவாக இருக்கட்டும்.

கேள்வி: வண்டிகளுக்கு எரிபொருள் கூப்பன் கொடுக்கிறோம். எங்கே ஓட்டை இருக்கும்?

ஒவ்வொரு முறையும் டேங்க் நிறையப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் கணக்கு வரும். சென்ற நிரப்பலுக்குப் பின் 412 கி.மீ. ஓடி 58 லிட்டர் பிடித்தால் 100 கி.மீ.க்கு 14.1 லிட்டர். கனமான நான்குசக்கர ஓட்ட வண்டிக்கு இது இயல்பு. ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். மணல், சேறு, ஏற்றம் எல்லாம் கணக்கை மாற்றும். அதே வண்டியின் சென்ற மூன்று நிரப்பல்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். 15 சதவீதம் கூடினால் ஓட்டுநரிடம் கேளுங்கள். பாதி நேரம் டயர் காற்றோ அடைத்த ஏர் ஃபில்டரோதான் காரணமாக இருக்கும்.

பில்லில் எப்போதும் 40.00, 50.00 என்று முழு எண்ணாகவே வந்தால் அங்கே பணம் கைமாறியிருக்கலாம். டேங்கின் கொள்ளளவைவிட அதிக லிட்டர் பிடித்த பில்லும் வரும், ஆச்சரியப்படாதீர்கள். கிலோமீட்டர் மீட்டர் ஓடாத வண்டிக்குக் கூப்பன் இல்லை என்ற ஒரே விதி பல ஓட்டைகளை அடைக்கும்.

கேள்வி: டிரம்களை வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறோம். மூடி இறுக்கமாக இருந்தும் தண்ணீர் எப்படி இறங்குகிறது?

நிற்கும் டிரம்மின் தலையில் மழைநீர் தேங்குகிறது. பகலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மூடியின் மரை வழியே அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும். டிரம்மைப் படுக்க வையுங்கள், இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 மணி இடங்களில் வரும்படி. அப்போது மூடிகள் இரண்டும் எரிபொருளுக்குள் இருக்கும், காற்றும் நீரும் நுழையாது. எடுக்கும்போது ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, பம்புக் குழாயை அடியிலிருந்து 5 செ.மீ. உயர்த்திப் பிடியுங்கள். அடியில் தங்கிய நீரில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கறுப்புக் கொழகொழப்பாக ஃபில்டரை அடைக்கும். முதலில் வந்ததை முதலில் செலவழியுங்கள். வெயிலில் ஓராண்டு கிடந்த டீசலை ஜெனரேட்டருக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பாதை அடைபட்டால் இருப்பு சில நாள்தான் தாங்கும். யாருக்கு முதலில், யாருக்கு நிறுத்துவது?

இதை நெருக்கடி வந்தபின் முடிவு செய்யக் கூடாது. சத்தமாகக் கேட்பவருக்குப் போய்விடும்.

ஒரு கணக்கு சொல்கிறோம். நிவாரணப் பணிக்கான ஸ்ஃபியர் தரநிலைப்படி ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். 10,000 பேருக்கு 150 கன மீட்டர். அதை 60 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பின் திறன் பாதி என்று வைத்தாலும், 49 யூனிட் மின்சாரம். அதற்கு டீசல் சுமார் 16 லிட்டர். அதே 16 லிட்டரில் ஓர் அலுவலக வண்டி 115 கி.மீ. ஓடும். இந்த இரண்டு வரிகளையும் எழுதிக் கூட்டத்தில் வைத்தால் விவாதம் சீக்கிரம் முடியும்.

தினமும் 180 லிட்டர் செலவு, டேங்கர் வர வழக்கமாக 6 நாள், மோசமான மாதத்தில் 14 நாள் என்றால், 14ஐ வைத்துத்தான் கணக்கிட வேண்டும்: 2520 லிட்டர். டேங்கின் அடியில் எடுக்க முடியாத 5 செ.மீ., முதல் கேள்வியில் வந்தது போன்ற டேங்கில் சுமார் 70 லிட்டர். அதையும் சேர்த்து 2600க்கு இறங்கியதும் அடுத்த ஆர்டர் போயாக வேண்டும்.

ஆர்டர் போட்டும் சரக்கு வராமல் 7 நாள் இருப்புக்கு இறங்கினால் அலுவலக வண்டி, குளிர்சாதனம், தங்குமிட மின்சாரம் நிற்கும். 3 நாளுக்கு இறங்கினால் தண்ணீர், அறுவைச் சிகிச்சை, பிரசவம், ஆம்புலன்ஸ், தடுப்பூசிக் குளிர்பெட்டி மட்டும். தடுப்பூசிக்கென்றே செய்த, பனிச்சுவர் கொண்ட குளிர்பெட்டிக்கு நாளில் 8 மணி நேர மின்சாரம் போதும்; அதற்காக இரவு முழுக்க ஜெனரேட்டர் ஓட வேண்டியதில்லை. பட்டியலை இப்போதே எழுதி, தலைமைப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி டேங்க் பக்கத்தில் ஒட்டுங்கள். பெயர் இல்லாதவருக்குக் கிடங்குப் பொறுப்பாளர் ‘இல்லை’ என்று சொல்ல அந்தத் தாள்தான் அவருக்குத் துணை.

பல அமைப்புகள் ஒரே இடத்தில் இருந்தால், உலக உணவுத் திட்டம் வழிநடத்தும் தளவாடக் குழுமக் கூட்டத்தில் உங்கள் வாரத் தேவையை லிட்டரில், டீசல் தனியாக, பெட்ரோல் தனியாகச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் வேண்டும்’ என்பவருக்கு டேங்கர் ஒதுக்க யாராலும் முடியாது.